நிற்கும் வண்டியும் குடியிருக்கும் மனிதனும்

(ஆடி மாதத்தில் கொல்லிமலை செம்மேட்டில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நகரசபைகளுக்குச் சொந்தமான வாகன நிறுத்துமிடங்களில் வீடு கட்டி ஜனங்களைக் குடியேற்றலாமா, அல்லது அவ்விடங்களை வண்டிகளுக்கென்றே விட்டுவைப்பதுதான் நியாயமா என்னும் விவாதம், சில ஆண்டுகளாக உலகத்தின் பல பட்டணங்களில் மிகுந்த சூட்டோடு நடந்து வருகிறது. நகரம் என்று ஒன்றுகூட இல்லாமல், வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, தின்னனூர் நாடு, அரியூர் நாடு என்று பதினான்கு நாடுகளாகவும் பதினான்கு ஊராட்சிகளாகவும் பரந்து கிடக்கும் இந்த மலையின்மேல் வந்து நின்றுகொண்டு அதைப் பற்றிப் பேசுவானேன் என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். என் அபிப்பிராயத்தில், அந்த விவாதத்தை நடத்துவதற்குச் சென்னையைக் காட்டிலும் தகுந்த இடம் இதுதான்; ஏனெனில், சமநிலம் என்பது கீழ்நாட்டில் பணத்தைக் கொடுத்தால் எங்கேயாவது கிடைத்துவிடும் வஸ்து; இங்கேயோ மலையே மனமிரங்கி விட்டுக்கொடுத்தாலொழியக் கிடைக்காத வஸ்து. அப்படி அது விட்டுக்கொடுத்த கொஞ்சம் சமநிலத்தில்தான் உங்கள் பள்ளிக்கூடமும், ஆஸ்பத்திரியும், பஸ் நிற்கும் இடமும், சந்தையும், சாமை விளையும் காடும், பிள்ளைகள் பந்தாடும் மைதானமும் எல்லாம் அடங்கியாக வேண்டும். இந்த நெருக்கடிக்கு நடுவே, காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிக்கடந்து வரும் வெளியூர் வண்டி ஒவ்வொன்றும், வந்து சேர்ந்த உடனே முதற்காரியமாகக் கேட்பது தான் நிற்பதற்கு ஒரு சமநிலத்தைத்தான்.

எடுத்த எடுப்பிலேயே ஒரு சிறு கணக்கைச் சொல்லிவிடுகிறேன். பிறகு எவ்வளவு வாதம் செய்தாலும் இந்தக் கணக்கை நாம் மறக்கலாகாது. ஒரு காரை நிறுத்துவதற்கு, அது நிற்கும் இடத்தோடு அது உள்ளே நுழைந்து திரும்பி வெளியேறுவதற்கு வேண்டிய வழியையும் சேர்த்து, திறந்த வெளியில் 23 சதுர மீட்டர் நிலம் வேண்டும் என்பது டெல்லி மாநகரத்தின் பெருந்திட்டம் வகுத்துக்கொண்டிருக்கும் அளவு. அதுவே கட்டடத்துக்கு அடியில் சுரங்கத் தளமானால் 32 சதுர மீட்டர். இனி, வீட்டின் அளவைப் பாருங்கள். கிராமங்களில் வீடில்லாத ஏழைக் குடும்பத்துக்கு மத்திய அரசாங்கம் பிரதம மந்திரி வீட்டு வசதித் திட்டத்தின் கீழ் விதித்திருக்கும் குறைந்தபட்ச அளவு, சமையல் செய்யும் இடம் உள்பட, 25 சதுர மீட்டர். நம்முடைய ராஜ்யத்தின் கலைஞர் கனவு இல்லத் திட்டம் சற்றே தாராளமானது. 360 சதுர அடி, அதாவது 33 சதுர மீட்டருக்குச் சிறிது மேலே. ஆகவே, ஈரோட்டிலிருந்தோ சேலத்திலிருந்தோ ஞாயிற்றுக்கிழமை அருவி பார்க்க வரும் ஒரு காருக்கு நாம் ஒதுக்கும் நிலமும், தாயும் தந்தையும் குழந்தைகளும் கிழவியுமாக ஒரு குடும்பம் ஆயுள் முழுவதும் உண்டு உறங்கி வாழ்வதற்கு ஸர்க்கார் போதுமென்று நிர்ணயித்திருக்கும் இடமும் ஏறக்குறைய ஒன்றே. காருக்கு ஒரு மணி நேரத்துக்கோ அரை நாளுக்கோ கட்டணம் சில ரூபாய். பல இடங்களில் அதுவும் இல்லை. குடும்பமோ அதே அளவு மனைக்காக ஜமாபந்தி தோறும் மனுக் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

வீடு என்றால் நான்கு சுவர் மட்டுமல்ல, கழிப்பறையும் கழிவுநீர்க் குழியும் நடைபாதையும் இருபுறமும் காற்றோட்டத்துக்கு இடமும் வேண்டுமே, இந்த ஒப்பீடு சரியாகுமா என்று என்ஜினீயர்கள் ஆக்ஷேபிப்பார்கள். நியாயமான ஆக்ஷேபணைதான். ஆனால் வீட்டின்மேல் வீடு கட்டலாம் என்பதையும் அதே என்ஜினீயர்கள்தானே நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்?

இன்னொரு வித்தியாசத்தை, அளவு சம்பந்தப்படாத ஒரு வித்தியாசத்தை, இங்கே சொல்லவேண்டும். நிறுத்துமிடத்தில் வந்து நிற்கும் வண்டி வீடற்ற அனாதையன்று. அதற்குச் சொந்த ஊரில், எஜமானரின் வீட்டு வாசலிலோ தெருவோரத்திலோ, ஓர் இடம் இருக்கத்தான் இருக்கிறது. வேலைக்குப் போகும் ஆபீஸில் ஓர் இடம், கடைவீதியில் ஓர் இடம், கோயில் வாசலில் ஓர் இடம், மலைமேல் ஓர் இடம் என்று, ஒரே சமயத்தில் ஓரிடத்தில் மட்டும் நிற்கக்கூடிய அந்த ஒரு வண்டிக்காக ஊரெங்கும் நிலம் காலியாகக் காத்துக்கொண்டிருக்கிறது. அமெரிக்காவில் டொனால்டு ஷூப் என்ற பேராசிரியர் 2005ஆம் ஆண்டில் இந்த ஒரே விஷயத்தைப் பற்றி எழுநூறு பக்கங்களுக்கு மேற்பட்ட ஒரு பெருநூல் எழுதினார். இலவசமாக வண்டி நிறுத்தலாம் என்று எந்த ஊர் சொல்கிறதோ, அந்த ஊரில் அந்தச் செலவை வண்டி இல்லாதவன் உள்பட எல்லோரும், வாங்கும் சாமானின் விலையிலும் கொடுக்கும் வாடகையிலும் மறைமுகமாகக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்பது அவருடைய சித்தாந்தம். ஜப்பானியர் இதை அவருக்கு முன்பே, நூல் எழுதாமல், சட்டமாகவே எழுதிவிட்டார்கள். 1962 முதல் அந்நாட்டில் கார் வாங்குகிறவன் அதை நிறுத்தத் தனக்கு இடமிருக்கிறது என்று போலீஸாரிடம் அத்தாட்சி பெற்றாக வேண்டும். நம் தேசத்திலும் 2006ஆம் ஆண்டின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை, நகரங்களில் நிலம் விலைமதிப்புள்ளது, வண்டி நிறுத்துவோர் அந்த மதிப்புக்கு ஏற்ற கட்டணம் கொடுக்கவேண்டும் என்று தெளிவாகவே சொல்லிற்று. கொள்கைகள் நம் தேசத்தில் நன்றாகத்தான் எழுதப்படுகின்றன.

சென்னையில் என்ன நடந்தது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் பட்டணத்தில் முதலில் நடப்பது பத்து வருஷம் கழித்து மலையேறி வருகிறது. 1970இல் குடிசை மாற்று வாரியம் ஸ்தாபிக்கப்பட்டபோது அதனுடைய ஆதி உத்தேசம், ஜனங்கள் எங்கே குடிசை போட்டு வாழ்ந்தார்களோ அந்த இடத்திலேயே அவர்களுக்கு மாடிக் குடியிருப்பு கட்டித் தருவது. கூலி வேலை அருகில், பிள்ளையின் பள்ளி அருகில், அண்டை அயலார் அருகில். அவ்விதம் பல குடியிருப்புகள் எழும்பவும் செய்தன. பின்னாளில், நகரத்துக்குள் நிலம் இல்லை என்ற பேச்சு எழுந்தது. 2000ஆம் ஆண்டு முதல் கண்ணகி நகரிலும், அதன்பின் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் ஆயிரக்கணக்கான வீடுகள் கட்டப்பட்டு, கூவம் கரையிலும் அடையாற்றங்கரையிலும் இருந்த குடும்பங்கள் அங்கே கொண்டுபோய் விடப்பட்டன. வீடு கிடைத்தது, பிழைப்பு இருபது கிலோமீட்டர் தள்ளிப்போயிற்று. வீட்டு வேலை செய்யும் பெண்களில் எத்தனையோ பேருக்கு, பஸ் கட்டணமும் பிரயாண நேரமும் சேர்ந்து, வேலையை விட்டுவிடுவதே மேல் என்றாயிற்று.

நகரத்துக்குள் நிலம் இல்லை என்று சொல்லப்பட்ட அதே காலத்தில், தியாகராய நகரில், சதுர அடி விலையைக் கேட்டால் மயக்கம் வரும் இடத்தில், மாநகராட்சி 222 கார்களும் 513 இருசக்கர வண்டிகளும் நிற்பதற்கு அடுக்கடுக்கான ஒரு மாளிகையைச் சுமார் 40 கோடி ரூபாய் செலவில் எழுப்பியது. தெருவோரத்தில் வண்டிகள் தாறுமாறாக நிற்பதைத் தவிர்த்து, நடப்பவர்களுக்கு அகலமான நடைபாதை கொடுக்கவேண்டும் என்ற நல்ல நோக்கத்தின் ஒரு பகுதி அது. அந்த நடைபாதையில் நானும் நடந்து மகிழ்ந்திருக்கிறேன், குறைசொல்ல மனமில்லை. ஆயினும், கலைஞர் கனவு இல்லத்துக்கு ஒரு வீட்டுக்கு அரசாங்கம் கொடுக்கும் தொகை மூன்றரை லட்சம் ரூபாய் என்பதை நினைத்தால், அந்த ஒரு மாளிகையின் செலவில் ஆயிரத்து நூறு கிராமத்து வீடுகள் எழுந்திருக்கும் என்ற எண்ணம் வராமலிருப்பதில்லை. நிலம் இல்லை என்று சொன்னார்களே, அது ஏழைக்கு இல்லாத நிலம். வண்டிக்கு வேண்டுமென்றபோது தரைக்கு மேலே ஆகாயத்திலேயே நிலம் உண்டாக்கத் தெரிந்திருந்தது.

இதற்கு நேர்மாறான ஒரு காரியத்தை ஜெர்மனி தேசத்தில் ம்யூனிக் நகரத்தார் செய்துகாட்டினார்கள். அந்நகரத்தில் டான்டேபாட் என்று ஒரு பொது நீச்சல் குளம். அதன் அருகே நகரத்துக்குச் சொந்தமான, நூற்றுக்கு மேற்பட்ட கார்கள் நிற்கும் திறந்தவெளி. வாடகை தாங்கமுடியாத அந்நகரத்தில், அகதிகளாக வந்தவர்களும் குறைந்த வருமானக்காரர்களும் வீடில்லாமல் தவித்தபோது, காலி நிலத்துக்கு எங்கே போவது என்று தேடிய நகரசபை இந்த இடத்தைக் கண்டது. அதை எடுத்துவிட்டால் குளிக்க வருகிறவர்கள் சண்டைக்கு வருவார்களே! ஃப்ளோரியான் நாக்லர் என்ற கட்டடக் கலைஞர் ஒரு சுலபமான யுக்தி செய்தார். கார்கள் நின்ற இடத்திலேயே நிற்கட்டும் என்று விட்டுவிட்டு, அவற்றுக்கு நடுநடுவே தூண்களை நிறுத்தி, அந்தத் தூண்களின்மேல் நான்கு மாடிகளில், பெரும்பாலும் மரத்தாலேயே, நூறு சிறு வீடுகளை அமைத்தார். நிலத்துக்கு விலை கொடுக்கவேண்டியதில்லை. சாலையும் குடிநீர்க்குழாயும் ஏற்கெனவே அருகில் இருந்தன. ஒரு வருஷத்துக்குள், 2016ஆம் ஆண்டு முடிவதற்குள், வேலை முடிந்துவிட்டது. சென்னையிலும் கோயமுத்தூரிலும் எழும்பும் தனியார் அடுக்குமாடிகள் அனைத்திலும் கார் கீழே, மனிதர் மேலே என்ற ஏற்பாடுதானே இருக்கிறது, இதில் என்ன அதிசயம் என்று கேட்பீர்கள். தனியார் தம் லாபத்துக்காகத் தினந்தோறும் செய்வதை ஒரு நகரசபை ஏழைகளுக்காக ஒரு தடவை செய்தால் அது அதிசயமாகிவிடுகிறது, அவ்வளவுதான்.

எதிர்க்கட்சியின் வாதத்தையும் கேட்கவேண்டும். கலிபோர்னியாவில் சாந்தா குரூஸ் என்ற கடற்கரை ஊர். அங்கே நகரசபையின் நான்காம் எண் நிறுத்துமிடத்தில், வண்டிகளை வாரத்தில் ஒருநாள் அப்புறப்படுத்திவிட்டு, உழவர்கள் சந்தை போடுவது வழக்கம். அந்த இடத்தில் ஒரு நூல்நிலையமும், அதன்மேல் குறைந்த வாடகை வீடுகளும் கட்ட நகரசபை தீர்மானித்தபோது, ஊர் இரண்டுபட்டது. எதிர்த்தவர்கள் எல்லோரும் கார்ப் பிரியர்கள் அல்லர். நிழல் தரும் பெரிய மரங்களும், வருஷக்கணக்காக அங்கே கூடிய சந்தையும் போய்விடுமே என்று வருந்தியவர்கள் அவர்களில் அநேகர். விஷயம் 2022 நவம்பரில் பொது வாக்கெடுப்புக்கு வந்து, திட்டத்தைத் தடுக்கவேண்டும் என்ற பிரேரணை தோற்றது. வீடுகள் ஜெயித்தன. தோற்றவர்களின் துக்கம் எனக்குப் புரிகிறது. வண்டிகளுக்கென்று விடப்பட்ட திறந்தவெளி, வண்டி இல்லாத நேரங்களில் வேறு எத்தனையோ உயிர்களுக்கு ஆதரவாக இருந்துவிடுகிறது. நம் சோளக்காட்டுச் சந்தைப் பக்கம் பாருங்கள். பலாப்பழமும் அன்னாசியும் மலைவாழையும் மிளகும் குவித்து வைத்து விற்கும் நம் பெண்களுக்கு, வண்டி வந்து நிற்கும் இடமே கடை வீதி. வண்டி நிற்காவிட்டால் வியாபாரமும் நிற்காது, ஓடிப்போய்விடும்.

இந்த வாதம் லேசானதன்று. கீழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் செலவழிக்கும் பணத்தால் அரப்பளீசுவரர் கோயில் பக்கமும், ஆகாயகங்கை அருவிக்குப் போகும் படிகளின் தலைவாசலிலும் எத்தனை குடும்பங்கள் பிழைக்கின்றன என்பது எனக்குத் தெரியாததல்ல. நான் கேட்பது வேறு. அவர்கள் வந்தால் போதுமா, அவர்களுடைய வண்டியும் கடைசிப் படி வரையில் வந்தாக வேண்டுமா? 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் பம்பைக்கரையிலிருந்த வாகன நிறுத்துமிடங்கள் அழிந்துபோயின. அதுவரையில் பம்பை வரை வண்டி போகாவிட்டால் சபரிமலை யாத்திரையே நடவாது என்று நினைத்திருந்தவர்கள், அதே வருஷம் சுமார் இருபது கிலோமீட்டர் முன்னாலேயே நிலக்கல்லில் வண்டிகளை விட்டுவிட்டு, கேரள அரசுப் பஸ்களில் பம்பைக்குப் போகப் பழகிக்கொண்டார்கள். வெள்ளம் வற்றிய பிறகும் நிலக்கல்லே பிரதான நிறுத்துமிடமாக நிலைத்தது. ஐயப்பன்மாரின் கூட்டம் இதனால் குறைந்துபோனதாக யாரும் சொல்லக் கேட்டதில்லை. தமிழ்நாட்டிலிருந்து மாலை போட்டுக்கொண்டு போகும் லட்சக்கணக்கான பேருக்கு இது நேரில் தெரிந்த விஷயம். காரவள்ளி அடிவாரத்தில் வண்டிகளை நிறுத்திவிட்டு, அங்கிருந்து மேலே பஸ் விடுவது, நிலக்கல்லில் முடிந்ததைவிட எவ்விதத்தில் கஷ்டமான காரியம் என்பதை யாராவது எனக்கு விளக்கினால் நன்றியுள்ளவனாவேன். வல்வில் ஓரி விழா நடக்கும் ஆடி பதினேழு, பதினெட்டு ஆகிய நாட்களில் விசேஷ பஸ்கள் விடத்தானே விடுகிறார்கள்? அதே ஏற்பாட்டைக் கோடை விடுமுறைக்கும் சனி ஞாயிறுகளுக்கும் நீட்டுவதில் புதுமை ஒன்றுமில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். நிறுத்துமிடத்தைப் பெரிதாக்கினால் நெருக்கடி தீர்ந்துவிடும் என்பது பொய்யான நம்பிக்கை. இடம் இருக்கிறது என்று தெரிந்தால் வண்டி வரும். வண்டி வந்தால் இடம் போதாது என்பார்கள். மறுபடியும் ஒரு காடு, ஒரு மைதானம், ஒரு மேய்ச்சல் நிலம் காலியாகும். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் இந்த விளையாட்டு அதன் உச்சியைத் தொட்டுவிட்டது. சென்னை உயர்நீதிமன்றம் தலையிட்டு, 2024 மே மாதம் முதல் அந்த மலைகளுக்குப் போகும் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும் என்று விதித்தது. அதுவும் போதாமல், 2025 ஏப்ரல் முதல், நீலகிரிக்கு வாரநாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000 வண்டிகள் என்றும், கொடைக்கானலுக்கு முறையே 4,000, 6,000 என்றும் உச்சவரம்பு ஏற்படுத்தியது. மலை எத்தனை வண்டியைத் தாங்கும் என்பதை முதலில் தீர்மானித்துவிட்டு, அந்த எண்ணுக்கு ஏற்ற நிறுத்துமிடம் அமைப்பது ஒரு முறை. நிறுத்துமிடத்தை அமைத்துக்கொண்டே போய், கடைசியில் கோர்ட்டாரிடம் போய் எண் கேட்பது இன்னொரு முறை. இரண்டாவது முறையில் நடந்து முடித்தவர்களைப் பார்த்த பிறகும் நாமும் அதே வழியில் போவது விவேகமாகாது.

சரி, வீடே கட்டுவோம் என்று வைத்துக்கொள்வோம். யாருக்கு, எந்த உரிமையில்? இங்கேதான் நான் என்னோடு ஒத்துப்போகும் நண்பர்கள் பலரிடமிருந்து பிரிகிறேன். பொது நிலத்தைத் துண்டுதுண்டாக்கி, ஆளுக்கொரு மனையாகப் பட்டா கொடுத்துவிடவேண்டும் என்பது அவர்கள் கட்சி. அவர்களுடைய கருணையை நான் மதிக்கிறேன். ஆனால் மலைநிலம் கை மாறிய கதை உங்களுக்கே நன்றாகத் தெரியும். அவசரத்துக்குக் கடன், கடனுக்கு ஈடாக நிலம், அதன்பின் நிலம் வேறொருவர் பெயரில். பத்து வருஷம் கழித்துப் பார்த்தால், ஏழைக்குக் கொடுத்த மனையில் ஒரு தங்கும் விடுதி நிற்கும், அதற்கு முன்னால் நான்கு கார்கள் நிற்கும்! சுற்றிவளைத்து நாம் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்துவிடுவோம்.

2011 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு, பஞ்சாப் மாகாணத்தில் பாட்டியாலா ஜில்லாவைச் சேர்ந்த ஒரு கிராமத்துப் பொதுக்குளம் சம்பந்தமாக, ஜக்பால் சிங் வழக்கு என்று பிரசித்தமான ஒரு தீர்ப்பை அளித்தது. கிராமத்துக்குப் பொதுவான நிலத்தைத் தனிநபர்கள் கைப்பற்றுவதை முறைப்படுத்தக்கூடாது என்பதே அதன் சாரம். ஆனால் நிலமற்ற தொழிலாளிகளுக்கோ, தாழ்த்தப்பட்டவர்களுக்கோ, பழங்குடியினருக்கோ அரசாங்க அறிவிப்பின் பேரில் குத்தகைக்குக் கொடுக்கப்பட்டிருந்தால், அல்லது பள்ளிக்கூடமோ மருந்தகமோ அங்கே ஏற்கெனவே இருந்தால், அவற்றை விதிவிலக்காகக் கொள்ளலாம் என்றும் அத்தீர்ப்பே சொல்கிறது. அந்தக் குத்தகை என்ற வழியைக் கவனியுங்கள். நிலம் ஊராட்சியின் பெயரிலேயே இருக்கவேண்டும். வீடும் ஊராட்சியின் சொத்தாகவே இருக்கவேண்டும். குடியிருக்கும் உரிமை மட்டும், தாங்கக்கூடிய வாடகைக்கு, தேவைப்படுகிற குடும்பத்துக்குப் போகவேண்டும். தேவை மாறினால் வீடு அடுத்த குடும்பத்துக்குப் போகும். விற்க முடியாது, அடகு வைக்க முடியாது. சிங்கப்பூரில் 1960இல் ஏற்பட்ட வீட்டு வசதிக் கழகம் வீட்டை விற்கும்போதுகூட நிலத்தை விற்பதில்லை, 99 வருஷக் குத்தகையாகவே கொடுக்கிறது. அங்கே பிழைக்கப் போன நம்மவர்கள் யாரும் அதனால் வீடில்லாமல் போய்விடவில்லை.

யாருக்கு என்பதில் எனக்கு ஒரு பட்சபாதம் உண்டு, ஒளிக்க விரும்பவில்லை. பூர்வீகமாக இங்கே வாழும் மலையாளிப் பழங்குடிக் குடும்பங்களில், அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்துப் பிரித்து இனிப் பிரிக்க ஒன்றுமில்லை என்ற நிலையிலிருக்கும் இளந்தம்பதிகளுக்கு முதலிடம். அதற்கு அடுத்தபடியாக நான் சொல்லப்போவதைக் கேட்டால் நீங்கள் ஆச்சரியப்படலாம்: இந்த மலையில் வேலை பார்க்கும் ஆசிரியை, நர்ஸ், கிராம நிர்வாக அதிகாரி, பஸ் கண்டக்டர். வாடகைக்கு வீடு கிடைக்காத மலையூரில் வேலை கிடைத்த ஓர் ஆசிரியை என்ன செய்வாள்? சேந்தமங்கலத்திலோ நாமக்கல்லிலோ குடியிருந்துகொண்டு, தினந்தோறும் எழுபது வளைவு ஏறி எழுபது வளைவு இறங்குவாள்; கடைசிப் பஸ்ஸைப் பிடிக்கவேண்டும் என்ற கவலை மாலை மூன்று மணிக்கே அவள் மனத்தில் குடிபுகுந்துவிடும்; முதல் சந்தர்ப்பத்தில் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விடுவாள். அவளைக் குறைசொல்வது அழகன்று. ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் பிரசவ வலி கண்ட பெண்ணுக்கு, மலைமேலேயே குடியிருக்கும் ஒரு நர்ஸ் எவ்வளவு பெரிய சொத்து என்பதை இங்கே வந்திருக்கும் தாய்மார்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பகலில் பத்துக் கார்கள் நின்றுவிட்டுப் போகும் இடத்தில், நாலு குடும்பம் ராத்திரியும் பகலும் இருந்தால், அந்த நாலு குடும்பத்தால் நாற்பது ஊருக்குப் பிரயோஜனம்.

எல்லா நிறுத்துமிடமும் வீட்டுக்கு ஏற்றது என்று நான் சொல்லவில்லை. அருவிக்கு அருகிலும், பள்ளத்தின் விளிம்பிலுள்ள காட்சிமுனைகளிலும், ஓடையின் வழியிலும் இருக்கும் இடங்களில் வீடு கட்டுவது மகாபாவம். 2024 டிசம்பர் முதல் தேதி, ஃபெஞ்சல் புயலின் பெருமழையில், திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் மலைச்சரிவு இடிந்து வீட்டின்மேல் விழுந்து, குழந்தைகள் உட்பட ஏழு பேர் மாண்டுபோனார்கள். அந்தச் செய்தி இன்னும் பழையதாகவில்லை. நீர்நிலைப் புறம்போக்கில் எவ்விதக் கட்டடமும் கூடாது என்பதற்குத் தனியாகச் சட்டமும் தீர்ப்புகளும் இருக்கின்றன. என்னைக் கேட்டால், அவ்வகை இடங்களில் வீடும் வேண்டாம், வண்டியும் வேண்டாம். சிமெண்டைப் பெயர்த்துவிட்டு மரத்துக்கு விட்டுவிடலாம். சிமெண்டுத் தரை மழைநீரைக் குடிப்பதில்லை. தன்மேல் விழும் அவ்வளவையும் ஒரே பாய்ச்சலாகக் கீழ்ச்சரிவுக்குத் தள்ளிவிடுகிறது. வீட்டுக்கு ஏற்றவை பஸ் போக்குவரத்தும் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் நடந்துபோகும் தூரத்திலிருக்கும் ஊர்ப்பகுதி இடங்களே. செம்மேட்டிலும் சோளக்காட்டிலும் அப்படிப்பட்ட இடங்கள் எவை என்பது என்னைவிட உங்களுக்கே தெரியும். அங்கேயும் ம்யூனிக்காரர் செய்ததுபோல், தரைமட்டத்தைத் தூண்களுக்கு நடுவே திறந்ததாக விட்டு, சந்தைக்கும் மழைநாளில் மிளகு, காப்பி உலர்த்துவதற்கும் பஸ்ஸுக்குக் காத்திருப்போர்க்கும் கொடுத்து, மேலே இரண்டு மாடி வீடுகளோடு நிறுத்திக்கொள்ளலாம். அதற்குமேல் எழுப்புவது இந்த மலைக்கு அழகுமன்று, க்ஷேமமுமன்று.

வருகிற ஆகஸ்டு 15ஆம் தேதி ஒவ்வொரு ஊராட்சியிலும் கிராம சபை கூடும். அங்கே எழுந்து, ஆவேசமில்லாமல், சில விவரங்களைக் கேளுங்கள். நம் ஊராட்சியில் வண்டி நிறுத்த விடப்பட்டிருக்கும் இடங்கள் எவை, அவற்றின் சர்வே எண் என்ன, அடங்கலில் அவை எந்த வகைப் புறம்போக்காகப் பதிவாகியிருக்கின்றன. வருஷத்தில் எத்தனை நாட்கள் அவை நிரம்புகின்றன, எத்தனை நாட்கள் காலியாகக் கிடக்கின்றன. நிறுத்தக் கட்டணம் வசூலிக்கும் ஏலம் யாருக்கு, எவ்வளவுக்குப் போயிற்று, அந்தப் பணம் ஊராட்சிக் கணக்கில் எங்கே வரவு வைக்கப்பட்டது. வீட்டு மனை கேட்டுக் கொடுத்த மனுக்கள் எத்தனை நிலுவையில் இருக்கின்றன. பதில் உடனே கிடைக்காவிட்டால், கேள்வியைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லிக் கையெழுத்திடுங்கள். அக்டோபர் 2ஆம் தேதி சபை மறுபடியும் கூடும்போது அதே புத்தகத்தைத் திறந்து, அந்தப் பக்கத்தை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள்.